கல்யாணப் பத்திரிகையில் ஒரு ஜன்னல்

காட்பாடிக்குள் ஒரு ரயில் நுழைந்தால்
ஜோலார்பேட்டை பக்கமிருந்தா திருப்பதி பக்கமிருந்தா என்று
ஹாரனை வைத்தே சொல்லிவிடுவாள் பெனிட்டா.
நான் கேட்டது அதுவல்ல.
மூன்றாவது கணக்கு என்ன ஆயிற்று?

மூன்றாவது கணக்கில் ஒரு கொடிக்கம்பம்,
அதன் நிழல், முப்பது டிகிரி.
‘உயரம் காண்க’ வரை வந்தவள்
பென்சில் சீவப் போனாள்.
சீவிய சுருளைத் தரையில் பூவாக அடுக்கினாள்.
மணி எட்டு இருபது.

திட்டிப் பார்த்தாயிற்று.
போனை அரிசி டப்பாவுக்குள் புதைத்தேன்.
அன்றிரவு அரிசியை எண்ணிக்கொண்டிருந்தாள்.

பாகாயத்தில் டாக்டரம்மா,
சோம்பல் இல்லைங்க இது, என்றார்.
சொல்லித்தர வேண்டாம், பக்கத்தில் உட்காருங்க,
உங்க வேலையை நீங்க பாருங்க.
எல்லாக் கணக்கும் ஒரேயடியாகக்
கண்ணில் விழாமல் பார்த்துக்குங்க.

எட்வின் மச்சானின் கல்யாணப் பத்திரிகையில்
கத்தரிக்கோலால் ஒரு ஜன்னல் வெட்டினேன்.
வேத வசனமும் மணமகள் பெயரில் பாதியும் போயிற்று.
புத்தகத்தின் மேல் வைத்தால்
ஒரு கணக்கு மட்டும் எட்டிப் பார்க்கும்,
மீதி பதினொன்றும்
இருவீட்டார் அழைப்புக்குக் கீழே.

நான் தண்ணீர் கேன் நோட்டை விரித்தேன்.
காந்தி நகர், மாடி வீடு.
போன கேன் எட்டு, வந்த காலி ஆறு.
இரண்டு எங்கே?
ஃபேன் சத்தம் மாறியது போலிருந்தது, எழுந்தேன்.
பிறகு டெம்போ சாவி.
பிறகு கொடியில் கிடந்த சட்டை.
பிறகு வாசலில்
எதற்கு வந்தேன் என்று தெரியாமல் நின்றேன்.

“அப்பா, நாலு தடவை எழுந்துட்ட.”
தலை நிமிரவில்லை அவள்.
கை எழுதிக்கொண்டே இருந்தது.

ஒன்பதாம் வகுப்பில் நான் இரண்டு வருஷம் இருந்தேன்.
கவனம் எங்கடா மேயுது என்று கேட்ட சார்
பதிலுக்கு ஒருநாளும் நின்றதில்லை.
பதில் என்னிடம் இருந்தது.
கோட்டை அகழியில், சார்.
ஒரு மீன்கொத்தி.
அது எத்தனை தடவை முங்கியது என்றுகூடச் சொல்லியிருப்பேன்.

பெனிட்டா பத்திரிகையை என் பக்கம் தள்ளினாள்.
“கொஞ்ச நேரம் நீ வெச்சுக்கோ.”

ஜன்னலுக்குள் மாடி வீடு மட்டும்.
மேலே தெரு இல்லை, கீழே பாக்கி இல்லை.
ஓரத்தில், பொடியாக, என் கையெழுத்திலேயே:
ரெண்டு காலி மாடிப்படியில, சனிக்கிழமை எடுக்கணும்.
சனிக்கிழமை போய் மூன்று நாள்.

அவள் இடது உள்ளங்கையால்
மற்ற கணக்குகளை மூடிக்கொண்டிருந்தாள்.
கொடிக்கம்பம் முடிந்து, ஏணி முடிந்து,
ஒரு பட்டம், பாதி நூலில்.

தண்டவாளம் அதிர்ந்தது.
இருவரும் ஒன்றாக நிமிர்ந்தோம்.
“கூட்ஸ்” என்றேன்.
“காலி கூட்ஸ்” என்றாள். “சத்தத்தைக் கேளு.”

கேட்டோம், கடைசிப் பெட்டி வரைக்கும்.
இன்னும் ஏழு கணக்கு பாக்கி.