விதி பதினொன்று

விதிகளை நான்தான் அடித்தேன்.
எழுதியது பதிவாளர், திருத்தியது துணைப்பதிவாளர்,
ஏழு தடவை டைப் அடித்தது நான்.
'பறக்கவிடலாகாது' என்பதா
'பறக்கவிடக் கூடாது' என்பதா என்று
ஒரு மதியம் முழுக்கப் பேசினார்கள்.
டீ இரண்டு முறை வந்தது.

ட்ரோன் முப்பது மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது.
மகளிர் விடுதிக்கு மேல், வினாத்தாள் அறைக்கு மேல்,
துணைவேந்தர் வீட்டு மாமரத்துக்கு மேல்
எந்த உயரத்திலும் கூடாது.
காற்று பலமான நாளில் கூடாது.
யார் அளப்பது என்று கேட்டேன்.
கொடிக்கம்பத்தைப் பார்த்தால் தெரியாதா என்றார்கள்.
அதையும் அடித்தேன்.
விதி ஒன்பது: காமிரா
மதிலுக்கு வெளியே திரும்பக் கூடாது.

மதிலுக்கு வெளியே கொருக்குப்பேட்டை.
எங்கள் தெரு.
காற்றாடி விடுகிற பையன்களுக்கு அங்கே ஒரே விதி,
போலீஸ் வந்தால் நூலை அறுத்துவிட்டு ஓடு.
புறா வளர்க்கிற எத்திராஜுலுவுக்கு அதுவும் கிடையாது.
அவருடைய கர்ணப் புறாக்கள்
துணைவேந்தர் மாமரத்தில் உட்கார்ந்து
அனுமதியின்றி எச்சமிடும்.

பதினொன்று மட்டும் எனக்குப் பிடித்திருந்தது.
'ட்ரோன் வளாகத்துக்கு வெளியே விழ நேரின்
விழுந்த இடத்தின் உரிமையாளரிடம்
எழுத்துமூலம் ஒப்புதல் பெற்றே எடுக்க வேண்டும்.'
மரியாதையான வாக்கியம்.
யாரோ கதவைத் தட்டிவிட்டு
வாசலிலேயே நிற்பதுபோல.

மழை விட்டு இரண்டு நாள்.
தெருவில் தண்ணீர் வடியவில்லை.
ஞாயிற்றுக்கிழமை, குழம்பு கொதிக்கிறது,
என் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் டம்மென்று ஒன்று.
எதிர்வீட்டு தேசம்மா கத்தினாள்:
"இன்னாமே, உங்க ஆபீசு வண்டு
உன்னிய தேடிக்கினு ஊட்டுக்கே வந்துகீது!"
நாலு விசிறியில் ஒன்றைக் காணோம்.
மற்றதில் மாஞ்சா நூல் சுற்றியிருந்தது,
இளஞ்சிவப்பு.
தெருப் பையன்கள் அத்தனை பேரும்
அதிசயமாக வீட்டுக்குள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

அரை மணி கழித்து கிளமென்ட் வந்தான்.
சிவில், மூன்றாம் ஆண்டு.
பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டி
ஒரு கையில் ஷூ,
மறு கையில் பிளாஸ்டிக் கவருக்குள் படிவம்.
நான் கட்டம் போட்ட படிவம்.
இட உரிமையாளர் கையொப்பம்.

"மேடம், நீங்களா?"
நானேதான்.
இருபத்திரண்டு வருஷமாக இங்கே நான்தான்.
ரேஷன் கார்டு இருக்கிறது, கரண்ட் பில் இருக்கிறது,
தண்ணி லாரிக்குக் குட வரிசையில் இடம் இருக்கிறது.
பட்டா இல்லை.
கால்வாய்ப் புறம்போக்கு என்று
வேறொரு ஆபீசில் வேறொருத்தி
அடித்து வைத்திருக்கிறாள்.

பேனாவைப் பிடித்தபடி நின்றேன்.
பொய்யாக ஒப்பமிட்டால் என்ன தண்டனை என்பது
விதி பதினாறு.

"என்ன படம் எடுத்தேன்னு காட்டு முதல்ல."
போனைக் காட்டினான்.
பச்சையாக விளையாட்டு மைதானம், சொட்டுத் தண்ணீர் இல்லை.
மதில்.
மதிலடியில் வட்டமாக ஓர் ஓட்டை,
அதிலிருந்து பழுப்பு நீர்
முறம்போல விரிந்து
எங்கள் தெருவுக்குள்.
என் கூரை கூடத் தெரிந்தது,
அதன்மேல் நான் வைத்த செங்கல்லும்.

ஒவ்வொரு ஐப்பசிக்கும்
கால்வாயைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம்.

"வடிகால் ப்ராஜெக்ட் மேடம்.
காமிரா வெளிய திரும்பிடுச்சு... அழிச்சிடவா?"

அடித்தேன்.
இந்த முறை பேனாவால்,
'உரிமையாளர்' மேல் குறுக்காக ஒரு கோடு.
பக்கத்தில் 'குடியிருப்பவர்'.
கீழே என் பெயர், முழுதாக, இனிஷியலோடு.
"அழிக்காதே. ஒரு பிரிண்ட் போடு.
கலர்ல போடு."

திங்கட்கிழமை படிவம் என் மேசைக்கே வந்தது.
எண் போட்டேன், முத்திரை குத்தினேன்.
இணைப்பு: ஒன்று.
துணைப்பதிவாளர் அந்தக் கோட்டைக் கவனிக்கவில்லை.
தாளின் ஓரத்தைத்தான் இரண்டு விரலால் தூக்கினார்.
"என்னம்மா இது, சாக்கடைத் தண்ணி பட்டிருக்கு?"

நம்ம தண்ணிதான் சார், என்றேன்.
அடுத்த பக்கம் பாருங்க.