பன்னிரண்டாவது வளைவு

பத்தரைக்கு அஸ்தம்பட்டி கோர்ட்டில் வாய்தா.
எட்டேகாலுக்கே ஏற்காட்டை விட்டுக் கிளம்பிவிட்டேன்.
பின்சீட்டில் சர்வே வரைபடம்,
அறுபத்தெட்டாம் வருடத்துப் பத்திரத்தின் நகல்.
வாய்க்குள்
எட்வினைக் கேட்கவேண்டிய கேள்விகள் பதினான்கு,
ஒவ்வொன்றுக்கும் அவன் சொல்லப்போகும் பதில்,
அந்தப் பதிலுக்கு என் பதில்.

எட்வின் என் தம்பி.
அப்பாவை அடக்கம் செய்த மறுவாரம்
காப்பித் தோட்டத்தின் கீழ்ச்சரிவில் கல் நட்டான்.
என் பக்கம் ஏழடி உள்ளே.
ஏழடிக்குள் மிளகுக்கொடி சுற்றிய சில்வர் ஓக் மூன்று.
ஐந்து வருடமாக
அந்த மூன்று மரங்களையும் எண்ணிவிட்டுத்தான்
படுக்கப் போகிறேன்.

பன்னிரண்டாவது கொண்டை ஊசி வளைவில்
கட்டை ஏற்றிய லாரி ஒன்று
பின்சக்கரம் வடிகாலில் இறங்கிக்
குறுக்கே கிடந்தது.
மூடுபனி. முன்னால் நாலு வண்டிகளின்
சிவப்பு விளக்குகள் மட்டும்.
'ஹாரன் அடிக்கவும்' என்றது மஞ்சள் பலகை.
அடித்தேன்.
அரசாங்கமே சொல்லும்போது எப்படி அடிக்காமலிருப்பது?
லாரிக்கு அடித்தேன், பனிக்கு அடித்தேன்,
ஜாக்கி தேடிப் போய்த் திரும்பாத கிளீனருக்கு அடித்தேன்.
கைப்பிடிச் சுவரில் பலாச்சுளை தின்றுகொண்டிருந்த குரங்கு
திரும்பிப் பார்த்துவிட்டு
கொட்டையைத் துப்பியது.

கருகல் வாசம் வந்தது.
லாரிதான் என்று நினைத்தேன்.
கண்ணாடியை இறக்கினேன்; வாசம் கூடவில்லை.
இறங்கிக் குனிந்தேன். என் முன்சக்கரம்.
இருபதிலிருந்து பதிமூன்று வரை
எட்டு வளைவுகளையும்
பிரேக்கிலிருந்து காலை எடுக்காமலே
இறங்கி வந்திருக்கிறேன்.
ஏறும் கியரிலேயே இறங்கவேண்டும் என்பது
இந்த மலையில் பால்வண்டிப் பையனுக்கும் தெரியும்.
எனக்கும் தெரியும். முப்பது வருடமாகத் தெரியும்.

இன்ஜினை அணைத்தேன்.
அதற்குப் பிறகும்
ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.
தாடை வலித்தபோதுதான் தெரிந்தது,
பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன் என்று.
ஹாரன் மேலிருந்த கையை
ஒவ்வொரு விரலாக எடுக்க வேண்டியிருந்தது,
வேறொருவர் கையை எடுப்பதுபோல்.

அடக்கம் என்ற சொல் எங்கள் வீட்டில்
கல்லறைத் தோட்டத்துக்கும்,
பில்லின் அடியில் 'வரி அடக்கம்' என்பதற்கும்தான்
புழங்கிவந்தது.

இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது.
கூரைத் தகரத்தில் ஒன்று, கொஞ்சம் விட்டு ஒன்று.
அவன் எடுத்தது ஏழடி.
மீதியை,
தூக்கத்தை, ஞாயிறு பூசையை, சோற்றின் ருசியை,
மார்ச்சில் காப்பி பூத்துத் தோட்டமே வெள்ளையாகும்
அந்த ஒரு வாரத்தை,
பட்டா போட்டுக் கொடுத்தது நான்.
கையெழுத்து என்னுடையது.
எந்தக் கோர்ட்டிலும் மறுக்க முடியாது.

லாரி நகர ஒன்பதே முக்கால் ஆனது.
என்னால் ஆகவில்லை, ஹாரனால் ஆகவில்லை.
குப்பனூரிலிருந்து வந்த டிராக்டர் இழுத்தது.
பனி விலக, கீழே சேலம்.
மாக்னசைட் வெட்டிய வெள்ளைத் திட்டுகள்,
அவற்றைச் சுற்றி நெருக்கியடித்த மாடிகள்,
ஒன்றுக்கும் என்னைத் தெரியாது.
இரண்டாம் கியரில் விட்டேன்.
வண்டி தானே தன்னைப் பிடித்துக்கொண்டு
முனகியபடி இறங்கியது.

கோர்ட்டில் நீதிபதி விடுப்பு.
வாய்தா ஆகஸ்ட் பதினேழுக்குப் போனது.
வேப்பமரத்தடி டீக்கடையில் எட்வின் நின்றிருந்தான்.
பதினான்கில் முதல் கேள்வி
நாக்கின் நுனிக்கு வந்து நின்றது.
டீயை ஊதினேன். ஊதிக்கொண்டே இருந்தேன்.
அவன் ஏதோ எதிர்பார்த்தான், பாவம்,
அவனும் பதில்களோடுதான் வந்திருப்பான்.

வழக்கை வாபஸ் வாங்கவில்லை.
ஏழடி என்னுடையது. அதில் மாற்றமில்லை.
மரங்களை மட்டும் அன்று எண்ணவில்லை.

சாயங்காலம் மலையேறும்போது
நாலாவது வளைவில் இறங்கி வந்த காரொன்று
வழி விடவில்லை.
ஒரு வார்த்தை வாய்வரை வந்தது.
வந்துவிட்டது என்றே சொல்லவேண்டும்.
அடுத்த வார்த்தை
வரவில்லை.