அடுத்த திகதி

முதல் தடவை போனதற்குக் காரணம் ஸ்கூட்டி டயர்.
செங்கலடியில் காற்றுப் போயிற்று.
ஒட்டுக்கடைக்காரன் அரை மணித்தியாலம் என்றான்.
எதிரே பள்ளிக்கூட மண்டபம், இரத்ததான முகாம்,
உள்ளே ஃபேன் சுழன்றது.
தியாகம் என்று எவராவது மேடையில் பேசினால்
எனக்கு அந்த ஃபேன்தான் ஞாபகம் வரும்.

விரலில் குத்தி
நீலத் தண்ணிக்குள் ஒரு துளி விட்டார்கள்.
தாழ்ந்தால் கட்டில், மிதந்தால் வீடு.
என்னுடையது நேரே அடிக்குப் போனது.
"நல்ல ரத்தம்" என்றா பர்சானா மிஸ்.
என்னிடம் இருக்கிற ஒன்றை
நல்லதென்று ஒரு ஆள் சொல்லி
எத்தனை வருஷம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்,
ஊசி ஏறியது தெரியவில்லை.

தொழிலைச் சொல்லவில்லை.
கிழமைக்கடன் வசூலிக்கிறவள் நான்.
சந்திவெளி, கிரான், முறக்கொட்டாஞ்சேனை.
என் ஸ்கூட்டிச் சத்தம் கேட்டால்
ஒழுங்கையில் ரேடியோக்கள் வாய்மூடும்.
ஒரு பிள்ளை படலைக்கு வந்து
"அம்மா இல்லையாம்" என்று சொல்லும்.
அந்த 'ஆம்' எனக்கு நல்ல பழக்கம்.
இல்லாத அம்மாதான் அதைச் சொல்லி அனுப்பியிருப்பா.

இரண்டாம் தடவை பெருமைக்குப் போனேன்.
மூன்றாம் தடவை,
அட்டையில் முத்திரை குத்துகிற சத்தத்துக்கு.
நானும் நாள் முழுக்க அட்டைகளில் குத்துகிறேன்தான்,
குத்தும்போது எவரும் என்னிடம்
"ஏதும் செய்யுதா? தலை சுத்துதா?" என்று கேட்பதில்லை.

நான்காம் தடவை துளி மிதந்தது.
சிரித்துக்கொண்டுதான் வெளியே வந்தேன்.
தண்ணித் தாங்கிக்குப் பின்னால் நின்று அழுதேன்,
கலியாணம் பேசி வந்தவர்கள்
வேண்டாமென்று போனபோது அழாத அழுகை.
பிறகு இரண்டு மாதம் முருங்கையிலைச் சுண்டல், ஈரல்,
மூக்கைப் பிடித்துக்கொண்டு பீட்ரூட் சாறு.
மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்
முகம் தெரியாத நோயாளிக்காகவா?
பொய் சொல்ல மாட்டேன்.
துளி தாழ்வதை இன்னொருக்கால் பார்க்க.

ஆறாம் தடவை
பக்கத்துக் கட்டிலில் சுகிர்தமலர்.
நாலு தவணை பாக்கி.

கண்டுவிட்டாள்.
ஒளிக்க ஏலாது, குழாய் பூட்டியாயிற்று.
நானும் எழுந்து போக ஏலாது.
கீழே இரண்டு தட்டுகள் ஆடிக்கொண்டிருந்தன,
ஒன்றில் அவளுடைய பை, ஒன்றில் என்னுடையது.
இறப்பர்ப் பந்தை நசுக்கி நசுக்கி
இருவரும் கூரையைப் பார்த்துக் கிடந்தோம்.
பிறகு சொன்னாள்,
எனக்கோ, கூரைக்கோ:
"ஒருத்தரும் கேட்டு வராம நான் குடுக்கிற சாமான்
இது ஒண்டுதான்."

அவளது பை எனக்கு முந்தி நிறைந்தது.

மைலோவைக் குடித்தாள்.
பிஸ்கட்டைப் பிரிக்காமல் கைப்பைக்குள் வைத்தாள்.
என்னுடையதையும் நீட்டலாமென்று நினைத்தேன்.
நினைத்தபடியே தின்று முடித்தேன்.

அது ஞாயிறு.
செவ்வாய்க்கிழமை அவளுடைய படலை.
ரேடியோ நின்றது.
பிள்ளை வந்தது, வாயோரம் பிஸ்கட் தூள்.
"அம்மா இல்லையாம்."
கதவுச் சீலைக்குக் கீழே இரண்டு பாதம்.
ஒன்று மற்றதைச் சொறிந்துகொண்டது.

மற்ற நாளென்றால்
கூப்பிட்டிருப்பேன், முழு ஒழுங்கைக்கும் கேட்க.
அன்று கொப்பியை எடுத்து
'வீட்டில் ஆளில்லை' என்று எழுதி
பிள்ளைக்குக் காட்டி ஒப்பமும் வைத்தேன்.
இரக்கம் என்று எடுக்க வேண்டாம்.
அடுத்த கிழமை ஐந்து தவணையாய்க் கேட்பேன்,
கேட்காவிட்டால் என் சம்பளத்தில் வெட்டுவார்கள்.

வேலியோரம் ஸ்கூட்டியை நிறுத்தி
முழங்கை மடிப்பில் பிளாஸ்டரை உரித்தேன்.
கடுகளவு ஒரு புள்ளி.
அட்டையை விரித்து எண்ணிப் பார்த்தேன்.
இன்னும்
நூற்றுப் பதினெட்டு நாள்.