பதினேழாவது துளை

ஹீயுமா தீவுக்கும் கரைக்கும் நடுவே
கடல் உறைந்தால் எங்களுக்கு அது சாலை.
இருபத்து நான்கு இடங்களில் துளையிட்டு
பனிக்கட்டியின் தடிமனை எழுதுவது என் வேலை.
இருபத்திரண்டு சென்டிமீட்டருக்குக் குறைந்தால்
வழியை மூட வேண்டும்.
வண்டியில் வருகிறவர்கள் சீட் பெல்ட் போடுவதில்லை,
உடைந்தால் குதிக்க.
நம்பிக்கையும் பயமும்
ஒரே மடியில் உட்கார்ந்து வரும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை
பதினேழில் துளைக்கருவி நின்றுவிட்டது.
இமையோடு இமையை ஒட்டவைக்கும் காற்று.
பதினாறில் இருபத்தேழு இருந்தது.
பதினேழில் நேற்று இருபத்தாறு.
இருபத்தாறு என்றே எழுதினேன்.
பென்சில் தயங்கவே இல்லை.

காலடியில் ஏதோ நீளமாக முனகியது.
பனிக்கட்டி பேசும்,
குளிர் ஏறினாலும், வெயில் பட்டாலும்.
பேசுவதெல்லாம் எச்சரிக்கை இல்லை என்று
பதினோரு குளிர்காலங்களில் கற்றிருந்தேன்.
கற்றதுதான் காதை அடைத்தது.

புதன் காலை அதே இடத்தில் பத்தொன்பது.
அடியில் நீரோட்டம் திசை மாறியிருந்தது.
செவ்வாயன்று எவ்வளவு இருந்தது?
கடலுக்குத் தெரியும்.
எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வழியை மூடினேன்.
காரணம் என்ற இடத்தில் நீரோட்டம் என்று எழுதினேன்.
பொய் இல்லை அது.

செவ்வாயன்று போன வண்டிகள் நாற்பத்தொன்று.
பிரசவம் பார்க்கப் போன செவிலி,
நாய்க்குட்டி வாங்கித் திரும்பிய ரைனோ,
பின்சீட்டில் மூன்று பிள்ளைகளோடு யாரோ.
நாற்பத்தொன்றும் பிழைத்தன.
பிழை மட்டும்
என்னோடு கரையேறியது.

கடையில் விர்வே என் கையைப் பிடித்துக்கொண்டாள்:
"நல்ல நேரத்தில் மூடினாய், ஹெல்வே.
நீ இருக்கும்போது எங்களுக்கென்ன."
ரொட்டியை வாங்காமலே வந்துவிட்டேன்.

இரவு என்னோடு நானே வழக்காடினேன்.
பேட்டரி செத்துவிட்டது என்றேன்.
உள்ளே இருந்தது பதில் சொல்லவில்லை.
காற்று என்றேன். விரல் மரத்துவிட்டது என்றேன்.
கொடுத்த கடனைக் கேட்க வந்தவர்
கூடத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதுபோல
அது உட்கார்ந்தே இருந்தது.

மூன்று மணிக்குச் சொன்னேன்:
இன்னொரு பேட்டரி இருந்தது.
குளிரில் சாகாமலிருக்க
உள்சட்டைப் பையில், மார்போடு ஒட்டி,
வெதுவெதுப்பாக.
நான்கு பொத்தான்கள்.
அவ்வளவுதான் தூரம்.

கழற்றாததற்குக் காரணம் குளிர் இல்லை.
சோம்பல்கூட இல்லை.
ஊர் என்னைப் பற்றிச் சொன்னதை
நானும் நம்பத் தொடங்கியிருந்தேன்.

வந்தவர் எழுந்து போகவில்லை.
கொஞ்சம் நகர்ந்து
எனக்கும் உட்கார இடம் விட்டார்.

பழைய நோட்டுகளைப் பிரித்தேன்.
இருபத்தாறு, இருபத்தாறு, இருபத்தாறு.
எல்லாம் அளந்து எழுதியவைதான்.
ஆனாலும் ஒவ்வொன்றிடமும்
விரல் வைத்துக் கேட்க வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை மேலதிகாரி கல்யுவிடம் சொன்னேன்.
அவர் எனக்குக் காபி ஊற்றினார்.
"ஒன்றும் ஆகவில்லையே, விடு" என்றார்.
அன்பாகத்தான் சொன்னார்.
அந்த அன்பில் வழுக்கி விழுந்திருப்பேன்.
நோட்டை வாங்கி,
அழிக்காமல்,
இருபத்தாறின் மேல் ஒற்றைக் கோடு இழுத்தேன்.
பக்கத்தில்: அளக்கவில்லை.
கீழே என் பெயர், முழுதாக.
கல்யு காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்,
சர்க்கரை போடாத காபி அது.

மார்ச்சில் சாலை மறுபடி தண்ணீரானது.
துளைகள் எங்கே இருந்தன என்று
அலையைக் கேட்க முடியாது.

இந்த ஆண்டு சீக்கிரமே உறைந்துவிட்டது.
பதினேழில் நிற்கிறேன்.
துளைக்கருவி நன்றாகவே சுற்றுகிறது.
கறுப்பு நீர் பொங்கி
பூட்ஸ் முனையைத் தொட்டு நிற்கிறது.
அளவுகோலின் கொக்கியை
அடிவிளிம்பில் மாட்டி இழுத்துப் பார்க்கிறேன்.
இருபத்தொன்பது.
குனிந்து மறுபடி பார்க்கிறேன்.

தொலைவில் முதல் வண்டி
விளக்கைப் போட்டுக்கொண்டு நிற்கிறது.
ஒருமுறை ஹாரன் அடிக்கிறது.

பென்சில்
தாளுக்கு மேல்
கொஞ்சம் தயங்குகிறது.