முகவரி முதலில்

இரவு பதினொன்றே கால்.
பாசிர் பாஞ்சாங்கில் பளுதூக்கிகள்
பெட்டி பெட்டியாக இறக்கிக்கொண்டிருக்கின்றன.
ஏழாம் மாடியில் நானும் ஸுல்ஹில்மியும்
அவற்றின் மூளையைப்
பழைய கம்பைலரிலிருந்து புதியதற்குக்
குடிமாற்றிக்கொண்டிருக்கிறோம்.

ஒரே நிரல். ஓர் எழுத்தும் மாற்றவில்லை.
அதில் ஓடுகிறது.
இதில் மூன்றாவது நொடியில் விழுகிறது.

"பழையவன் சுபாவம் வேறு," என்றார் ஸுல்ஹில்மி,
கோப்பிப் பையின் கயிற்றை விரலில் சுற்றியபடி.
"கன்ஸ்ட்ரக்டரை வெறுங்கையோடு அனுப்புவான்.
போ, நீயே இடம் கேட்டு வாங்கு, நீயே கட்டு என்பான்.
புதியவன் அப்படியில்லை.
இடத்தை முதலில் வாங்கிவிடுவான்.
முகவரியைக் கையில் திணித்த பிறகுதான்
கட்டவே அனுப்புவான்."

தொண்ணூற்றொன்றில் யாரோ எழுதிய வரி.
கன்ஸ்ட்ரக்டருக்குள் புகுந்து தானே இடம் பிடிக்கிறது.
மேலே ஒரு குறிப்பு: இதைத் தொடாதே.
இப்போது புதியவனும் பிடிக்கிறான்.
ஒரு பொருளுக்கு இரண்டு முகவரி,
ஒன்றில் ஆளில்லை.

நான் சிரித்துவிட்டேன்.
ஏனென்று அவர் கேட்கவில்லை.

என்னிடமும் ஒரு முகவரி இருந்தது.
தெங்காவில், பதினோராம் மாடி,
கதவு எண் உட்பட.
அப்போது அங்கே லாலாங் புல்லும்
மஞ்சள் நிறத் தோண்டு இயந்திரம் ஒன்றும்தான்.
முகுந்தனும் நானும் வேலிக்கு வெளியே நின்று
ஆகாயத்தில் விரலால் கோடு போட்டோம்.
இது சமையலறை.
இது, அவன் அம்மா வந்து தங்கினால்.
ஒரு மைனா எங்கள் வரவேற்பறையின் குறுக்கே பறந்து போனது.

அத்தையும் மாமாவும் பழைய கம்பைலர்.
தாலி கட்டிய கையோடு
சிராங்கூன் ரோட்டில் வாடகைக்கு அறை தேடினார்கள்.
எங்களுக்கு வீவக வரிசை எண் முதலில்,
நல்ல எண்,
கல்யாணம் சாவி வரும்போது.

"இன்னொன்று பார்," என்றார் ஸுல்ஹில்மி.
"கட்டும்போது பாதியில் உடைந்தால்?"
பழையவனுக்கு அதற்கு வழி தெரியாது.
இடம் அப்படியே கிடக்கும்,
எவர் பேரிலும் இல்லாமல்,
மின்சாரம் போகும்வரை.
புதியவன் நிதானமானவன்.
கட்டி முடிந்த உறுப்புகளை மட்டும்
கடைசியில் கட்டியதிலிருந்து ஒவ்வொன்றாகக் கலைப்பான்.
இடத்தைத் திருப்பிக் கொடுப்பான்.
டிஸ்ட்ரக்டரைக் கூப்பிட மாட்டான்.

ஏன் என்றேன், தெரிந்தே.
"அது இன்னும் பொருளே ஆகவில்லையே.
எதை இடிப்பது?"

கட்டடம் ஆறாம் மாடியைத் தொட்டபோது
நாங்கள் பிரிந்தோம்.
தோ பாயோ அலுவலகத்தில் அந்தப் பெண்
'விவாகரத்து' என்ற கட்டத்தைத் தாண்டிப் போய்
'பொருந்தாது' என்பதில் டிக் போட்டாள்.
முன்பணம் போயிற்று.
நாங்களும் வரிசைப்படிதான் கலைத்தோம்:
சோபாவின் ஆர்டர்,
பிறகு கூட்டுக் கணக்கு,
பிறகு கைபேசியில் இருவர் மட்டும் பார்க்கும் திரைச்சீலைப் படங்கள்.
எல்லாவற்றுக்கும் கடைசியாக
நாங்கள் முதன்முதலில் கட்டியது.
காலை ஏழு மணிக்கு வரும்
'எந்திரிச்சாச்சா?'

அழ ஒரு சடங்கு இல்லை.
எதற்கு அழுகிறாய் என்று கேட்டால்
சொல்ல ஒரு பெயரும் இல்லை.

ஒன்றரை மணிக்கு அந்த வரியை நீக்கினேன்.
ஓடியது.
ஸுல்ஹில்மி கைதட்டவில்லை, கொட்டாவி விட்டார்.
குறிப்பை என்ன செய்வது என்று கேட்டார்.
இருக்கட்டும் என்றேன்.

ஒன்றை அவர் சொல்லவில்லை, எனக்கே தெரியும்.
திருப்பிக் கொடுத்த இடத்தை
யாரும் துடைப்பதில்லை.
அடுத்தவர் வந்து எழுதும்வரை
பழைய எண்கள் அங்கேயேதான்.

போன ஞாயிறு பஸ் அந்த வழியாகப் போனது.
பதினோராம் மாடியில்
மூங்கில் கழியில் சிவப்புத் துண்டு ஒன்று
காய்ந்துகொண்டிருந்தது.
அந்த வீட்டில்
சமையலறை எங்கே என்று
எனக்குத் தெரியும்.