கொல், கொள்

முழங்கைக்குக் கீழே ஒரு புண்,
நாலணா அகலம், விளிம்பு தடித்து.
"வேதனை ஒண்ணும் இல்ல, கேட்டியளா,
அதாம் எட்டு மாசம் வெறுதே விட்டேன்"
என்கிறாள் சுகிர்தபாய், ஆறுகாணிக்காரி.
விடியுமுன் மூன்று மணிக்கு
நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு
நானூறு ரப்பர் மரங்களில் பால் வெட்டுகிறவள்.
களிம்பு மூன்று மாற்றியாயிற்று.
பாறசாலையில் யாரோ
குஷ்டமோ என்று பயங்காட்டியிருக்கிறார்கள்.

விளிம்பைக் கீறி, கண்ணாடியில் தேய்த்து,
சாயத்தில் அரைமணி ஊறவிட்டு,
எண்ணெய் ஒரு சொட்டு வைத்துக் குனிகிறேன்.
முதலில் ஒன்றுமில்லை. ஊதாத் தூசி.
பிறகு அது:
பெருவிழுங்கி என்று பாடப்புத்தகம் பெயரிட்ட செல்,
காவலுக்கு நின்றது,
இப்போது வயிறு புடைக்க
இருபது அந்நியர்களை அடைகாக்கிறது.
ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு, பக்கத்தில் ஒரு குச்சி.
லீஷ்மேனியா.

மணல் ஈ கடித்த இரவில் இப்படி நடந்திருக்கும்.
வந்தவனைக் கண்டதும் ரத்தம்
அவன் முதுகில் ஒரு சீட்டு ஒட்டும்:
கொல்.
அவனுக்கோ மேலெல்லாம் கத்திரி,
புரதம் நறுக்கும் நொதி.
சீட்டைக் கிழித்தெறிவதில்லை அவன்,
சாமர்த்தியம் அங்கேதான்.
ஓரத்தில் ஒரே ஒரு நறுக்கு,
கொள் என்றாகிவிடுகிறது.
நாக்கு சற்றே உள்ளே மடிந்தால் போதுமே.
காவலன் வாசிக்கிறான்,
அணைத்து எடுத்துக்கொள்கிறான்
கோபமே இல்லாமல்.

உள்ளே போனதும் இன்னொரு நொதி.
நஞ்சு காய்ச்ச அவன் வைத்திருந்த சரக்கை
இழுத்துப்போட்டுத் தனக்குக்
கஞ்சி காய்ச்சிக்கொள்கிறது.
குடும்பம் பெருகுகிறது.
தட்டுமுட்டுச் சத்தம்கூட வெளியே வராது.

நேற்று களியக்காவிளைச் சோதனைச் சாவடியில்
மாட்டுத்தீவனச் சாக்குக்குள்
ரேஷன் அரிசி பிடித்தார்களாம், எட்டு மூட்டை.
போனது எத்தனை என்று எவர் எண்ணினார்?
எண்ணுவது என் வேலை.
எண்ணினேன். பதிவேட்டில் எழுதினேன்.

"நானும் ஒண்ணு பாக்கட்டா?"
ஒரு கண்ணை மூடி
வெகுநேரம் குனிந்திருந்தாள்.
"மரம் புண்ணை அடைக்கத்தாம் பாலு விடும்.
அது ஒறஞ்சிரப்பிடாதுன்னு
சிரட்டையில நாங்க அமோனியா சொட்டுவோம்.
இதும் அதுமாதிரியா சாரே?"
இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவள் விரலிடுக்கில் காய்ந்த பால்,
உரித்தால் உரியும் தோல்போல.
சொல்லவில்லை.

வாரம் ஒரு ஊசி,
புண்ணைச் சுற்றி, விளிம்பிலேயே.
"வலிக்குமா?"
வலிக்கும் என்றேன், நல்லாவே வலிக்கும்.
"அப்ப செரி" என்று
சட்டைக் கையை இறக்கிவிட்டு
ஆறுகாணி பஸ் எத்தனை மணிக்கு என்று
வாசலில் யாரையோ கேட்டுக்கொண்டிருந்தாள்.