தலைகீழ்க் கழி

பண்ணையில் என் வேலை
கழிக்குத் தலை எது, கால் எது என்று பார்ப்பது.

இசாலே என்போம் நாங்கள்.
பெட்டிமேல் டிரசீனா என்று அச்சடிப்பார்கள்.
ரம்பத்தில் அறுபட்டு
சாண், முழம், ஒன்றரை முழமாய் வந்து குவியும்.
இரண்டு முனையும் ஒரே வெளிர் வட்டம்.
கண்ணை நம்பக் கூடாது.
கட்டைவிரலால் தடவ வேண்டும்:
இலை உதிர்ந்த தழும்பு வளையமாய் ஓடும்,
வளையத்தை ஒட்டி, அரிசி நுனியளவு
ஒரு மொட்டு தூங்கும்.
தழும்புக்கு எந்தப் பக்கம் மொட்டோ
அந்தப் பக்கம் வானம்.

வானத்து முனையை மெழுகில் முக்கு.
மண் முனையைச் சும்மா விடு.
நாளைக்கு இரண்டாயிரம் கழி.
கப்பலேறிப் போய்
ராட்டர்டாமில் ஏதோ ஓர் அலுவலக மூலையில்
மாடிப்படிக்குக் கீழே முளைக்கும்.
வெயில் கேட்காது.
பத்து நாள் மறந்தாலும் முகம் சுளிக்காது.
அதனால் விலை போகிறது.

கிளிமஞ்சாரோச் சரிவில்,
எங்கள் வாழைக்கும் காபிக்கும் நடுவே,
அதற்கு வேறு உத்தியோகம்.
ஒடித்துக் குத்தினால் வேலி.
மாமனார் புதைந்த மூலையில் காவல்.
கல் என்றால் உருட்டிவிடலாம்,
கம்பி என்றால் அறுத்துவிடலாம்,
இசாலே நின்ற இடம் எல்லை.
யாரும் அளப்பதில்லை.

மார்ச் மழையில்
இரண்டு சனிக்கிழமை நான் ஊருக்குப் போகவில்லை.
மூன்றாவதில் போனேன்.
வரிசைக்கு ஒன்பது காபிச்செடி.
எண்ணினேன், ஏழு.
மறுபடி எண்ணினேன்.
செடி எங்கும் போகவில்லை,
வேலிதான் நடந்திருந்தது.
என் கொழுந்தன் எலியரிங்கா
அந்தப் பக்கம் நின்று
காபி இலையில் புழு பார்த்துக்கொண்டிருந்தான்,
ரொம்ப நேரமாக.

கிராமக் குழு குடையோடு வந்தது.
மண் மிதித்துச் சமமாயிருந்தது,
பழைய சருகு மேலே தூவியிருந்தது.
"வேலி எப்போதும் இங்கேதானே, ஐகேலி?"
நான் பதில் சொல்லவில்லை.
முதல் கழியில் கட்டைவிரலை வைத்தேன்.
இரண்டாவது. மூன்றாவது.
யாரோ கொட்டாவி விட்டார்.
பதினேழாவதில் விரல் நின்றது.

வானம் மண்ணுக்குள் இருந்தது.

"மாமனார் பகலில் நட்டவர்" என்றேன்,
"இது இருட்டில் நட்ட கை."
குழுத் தலைவர் தானும் தடவிப் பார்த்தார்,
ஒன்றும் புரியாமல் தலையாட்டினார்.
புரிந்தவன் ஒருவன்தான்,
அவன் காதுமடல் சிவந்தது.

ஞாயிறு, கோவில் மணிக்கு முன்னால்
வாசலில் வந்து நின்றான்.
கையில் ஒற்றை இலை,
நடுவில் ஒரு முடிச்சு.
பேச்சு இல்லை, பேசவும் கூடாது.
முடிச்சிட்ட இசாலே வந்தால்
மறுக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம்;
கொலைப் பகையே அதில் அடங்கியதாகச் சொல்வார்கள்,
இரண்டு காபிச்செடி எம்மாத்திரம்.

இலையைப் பார்த்தேன்.
காம்பில் பால்போல் ஈரம், புதிதாய்க் கிள்ளியது.
எங்கே கிள்ளினாய் என்று கேட்கவில்லை.
அந்த வேலியில்தான்.
என் நிலத்தைத் தின்ற வேலியில் இலை பறித்து
என்னிடமே சமாதானம்!
சிரிப்பு வந்தது, அடக்கினேன்,
கோபம் மட்டும் அடங்கவில்லை.
வலது கை நீட்டி வாங்கிக்கொண்டேன்.
வாழைப்பழக் கள் அரைச் சுரைக்குடுவை கொடுத்தேன்,
அவன் ஒரே மூச்சில் குடித்தான்.

பிறகு கடப்பாரை எடுத்தான்.
அவன் பிடுங்கப் பிடுங்க
நான் தடவித் தடவிக் கொடுத்தேன்,
பழைய குழியில் பழைய திசையில்.
பதினேழாவதைத் தூக்கி எறியப் போனான்.
தலைகீழாய் நின்றும் அது வேர் விட்டிருந்தது;
ஒரு முளை கீழ்நோக்கிப் புறப்பட்டு,
தப்பு தெரிந்து,
முழங்கையாய் மடங்கி மேலே வந்திருந்தது.
"அதை அப்படியே நடு" என்றேன்.
ஏன் என்று கேட்கவில்லை அவன்.
கேட்டிருந்தால் எனக்கும் தெரியாது.

மன்னித்தாயிற்று.
அந்த இரண்டு செடியிலும்
அவன் பறித்துப்போன பழம், உலர்ந்த கணக்கில்,
இரண்டே கால் கிலோ.
நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.
பக்கம் தவறாமலிருக்க
அந்த முடிச்சு இலையைத்தான்
நடுவில் செருகியிருக்கிறேன்.
நோட்டு சரியாக மூடமாட்டேன் என்கிறது.